ஏற்காடு இறங்கும்போது பிரேக்கில் தீய்ந்த வாடை: காரை விற்கும் முன் பிரேக் ஆயிலைப் பாருங்கள்

கேள்வி: சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கிறோம். ஏழு வருடமாக ஓட்டும் பெட்ரோல் செடான், மேனுவல் கியர், 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டவுனிலும் பைபாஸிலும் ஒரு குறையும் இல்லை. போன மாதம் குடும்பத்தோடு ஐந்து பேர் ஏற்காடு போய்த் திரும்பும்போது பாதி மலையில் தீய்ந்த வாடை வந்தது. கடைசி வளைவுகளில் பிரேக் பெடல் மெத்தென்று ஆழமாக இறங்கியது. மறுநாள் காலையில் எல்லாம் சரியாக இருந்தது. மெக்கானிக் டிஸ்க், பேடு, காலிபர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் மாற்ற 34,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார். தெரிந்த புரோக்கர், "மலையில் பிரேக் பிடிக்காத வண்டி, சீக்கிரம் தள்ளிவிடுங்கள்" என்கிறார். விற்றுவிட்டு ஆட்டோமேட்டிக் எஸ்யூவி வாங்கலாம் என்கிறான் மகன். என்ன செய்வது?

பதில்: ஐயா, விற்க வேண்டாம். 34,000 ரூபாயும் கொடுக்க வேண்டாம். முதலில் பிரேக் ஆயிலை முழுசாக மாற்றுங்கள். அப்புறம் மலை இறங்கும் முறையை மாற்றுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வண்டியில் பெரிய கோளாறு எதுவும் தெரியவில்லை.

நடந்தது இதுதான். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. ஐந்து பேரும் பைகளும் ஏறிய உங்கள் கார் ஒன்றரை டன் இருக்கும். அது ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளியாகும் சக்தி, கரண்ட் கணக்கில் சுமார் நான்கு யூனிட். அதாவது இரண்டு கிலோவாட் கீசரை இரண்டு மணி நேரம் ஓடவிட்ட சூடு. காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சின் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் தாங்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவும் கால் பிரேக்கிலேயே இருந்தால், பெரும்பங்கு முன் சக்கரத்து இரண்டு டிஸ்க்குகளின் தலையில்தான் விழும்.

அந்தச் சூடு, பேடை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் காலிபர் வழியாகப் பிரேக் ஆயிலுக்குப் போகிறது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் தர வகைகள். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரைக்குமாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரக்கணக்கு. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த அளவு 155 டிகிரிதான். டாட் 3 ஆயிலுக்கு 205, ஈரம் ஏறினால் 140. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். நீங்கள் மிதிக்கும் மிதி அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும், சக்கரத்துக்குப் போகாது. பெடல் மெத்தென்று இறங்கியது அதனால்தான். ஆறியதும் குமிழி மறைந்துவிட்டது, காலையில் பெடல் பழையபடி ஆகிவிட்டது. பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காமல் போயிருந்தால் பேடு சூடேறிப் பிடிமானம் இழந்திருக்கிறது என்று சொல்வேன். உங்களுக்கு நடந்தது அது இல்லை.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்ற வேண்டும் என்பது பொதுவான கணக்கு. உங்கள் கார் புத்தகத்திலும் கெடு போட்டிருக்கும், பாருங்கள். ஆனால் சர்வீஸுக்கு விட்டால் என்ன கேட்கிறார்கள்? ஏசி கிருமிநாசினி போடட்டுமா, டெஃப்லான் கோட்டிங் அடிக்கட்டுமா, எஞ்சின் கார்பன் எடுக்கட்டுமா! ஆயிரக்கணக்கில் பில் வரும் வேலைகளை எல்லாம் நினைவூட்டுகிறவர்கள், சில நூறு ரூபாய் பாட்டிலை மட்டும் மறந்துவிடுகிறார்கள். உங்கள் ஏழு வருட பில்களை எடுத்துத் தேடிப் பாருங்கள். பிரேக் ஆயில் மாற்றியதாக ஒரு வரிகூட இல்லாவிட்டால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். சில இடங்களில் மேலே இருக்கும் டப்பாவிலிருந்து பழைய ஆயிலை ஊசியால் உறிஞ்சிவிட்டு, புதிதை ஊற்றி, "முடிஞ்சுது சார்" என்பார்கள். குழாயிலும் காலிபரிலும் பழசு அப்படியே கிடக்கும். சரியான முறை எப்படி என்றால், ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கும் சின்ன நிப்பிளில் கண்ணாடி மாதிரியான டியூபை மாட்டித் திறக்க வேண்டும். முதலில் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வரும். வெளிறிய, தெளிவான ஆயில் குமிழி இல்லாமல் வரும்வரை விட வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் இப்படி. பாட்டில் சீல் உங்கள் கண் முன்னால் உடைய வேண்டும். அலமாரியில் பாதியாக நிற்கும் பாட்டில் வேண்டாம், அது ஏற்கெனவே ஈரம் குடித்தது.

இனி அந்த எஸ்டிமேட். நீங்கள் அனுப்பிய அதன் நகலில் "டிஸ்க் 4" என்று இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் உங்கள் காரின் பின் சக்கரங்களில் இருப்பது டிரம். இல்லாத டிஸ்க்குக்கு விலை போட்டிருக்கிறார்கள் ஐயா! இது கவனக்குறைவா, கமிஷனா என்று நான் ஆராய்ச்சி செய்யப் போவதில்லை. ஸ்பேர்ஸ் கடைக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் நடுவில் கமிஷன் ஓடுகிற இடத்தில் பில் எப்போதும் மேலேதான் ஏறும். டிஸ்க் தேய்ந்திருக்கிறது என்று யார் சொன்னாலும் வெர்னியர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். குறைந்தபட்சத் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்கு மேல் இருந்தால் மாற்ற வேண்டியதில்லை. பேடு 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றுங்கள், பழைய பேடைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரிஜினல் மாதிரியே அட்டைப்பெட்டி போட்ட போலிப் பேடு சந்தையில் ஏராளம். பாதி விலை என்றாலே சந்தேகப்படுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

புரோக்கர் பேச்சைக் கேட்கவே வேண்டாம். "பிரேக் பிடிக்காத வண்டி" என்று உங்களிடம் சொல்லி விலையைக் குறைப்பார். அதே வண்டியை "டாக்டர் ஓட்டியது, மலையே ஏறாதது" என்று இன்னொருவரிடம் விலை ஏற்றி விற்பார். நடுவில் அவர் செய்யும் செலவு ஒரு பாட்டில் ஆயிலும் ஒரு வாட்டர் வாஷும்தான்.

ஓட்டும் முறைக்கு வருகிறேன். ஏறும்போது ஒரு வளைவுக்கு எந்த கியர் கேட்டதோ, இறங்கும்போதும் அதே கியர். ஏற்காடு ரோட்டில் அது பெரும்பாலும் இரண்டாவது. எஞ்சின் சத்தம் கூடும், பயப்பட வேண்டாம், கெட்டுப்போகாது. வளைவுக்கு முன்னால் நேர் ரோட்டிலேயே அழுத்தமாக ஒரு மிதி, வேகம் குறைந்ததும் காலை எடுத்துவிடுங்கள். லேசாக மிதித்தபடியே இறங்குவதுதான் வாடை வரவழைக்கும். எதிரே ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கச் சொல்லும் டிரைவர்கள் நம் ஊரில் நிறைய. அது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்றைய எஞ்சினில் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் குடிக்கும். சாவியை அணைத்து இறக்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு மூன்று மிதியிலேயே, மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டரின் வாக்குவம் தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் இறுகிவிடும். தயவுசெய்து யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள்.

உங்களைக் குறை சொல்ல மாட்டேன். யார் சொல்லிக் கொடுத்தார்கள்? மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 15-ஐ எடுத்துப் பாருங்கள். இறக்கத்தில் சட்டென்று கீழ் கியருக்கு மாற்றத் தெரிந்திருக்க வேண்டும் என்று லைசென்ஸ் டெஸ்ட்டுக்கே எழுதி வைத்திருக்கிறார்கள். மைதானத்தில் ரிவர்ஸ் எடுத்துக் காட்டினால் கையெழுத்து விழுகிறது. மலை அடிவாரத்தில் இருக்கிற ஊரில், மலையே இறங்காத கைக்கு லைசென்ஸ்!

மகன் கேட்கும் ஆட்டோமேட்டிக் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன கியர் கணக்கு அதில் அப்படியே செல்லாது. 'டி'யில் (டிரைவ்) போட்டு இறங்கினால் பல ஆட்டோமேட்டிக் வண்டிகள், தனித்தனி கியர் படிகள் இல்லாத சிவிடி வகை முக்கியமாக, எஞ்சின் சுற்றைக் குறைத்து வண்டியை மிதக்கவிடும். எஞ்சின் பிடிக்காது, எல்லாம் பிரேக் தலையில். அதனால் 'எல்' (லோ) அல்லது 'எஸ்' (ஸ்போர்ட்) இருந்தால் அதில் போட வேண்டும். 'எம்' (மேனுவல்) இருந்தால் கீழ் கியரைத் தேர்ந்து நிறுத்த வேண்டும். ஸ்டியரிங்குக்குப் பின்னால் கியர் மாற்றும் துடுப்பு (பேடில்) இருந்தால் இடது துடுப்பை இழுக்க வேண்டும். ஆனால் 'டி'யிலேயே துடுப்பை இழுத்தால் சில வண்டிகள் கொஞ்ச நேரத்தில் தானாகவே பழைய நிலைக்குப் போய்விடும், கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஹைபிரிட் வண்டி பேட்டரியில் சக்தியைச் சேர்த்துக்கொண்டு இறங்கும். ஆனால் பேட்டரி பாதி மலையிலேயே நிரம்பிவிடலாம், அதற்கு மேல் சேர்க்க இடமில்லை. விற்கிறவர் இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் "டியில் போட்டுட்டு ஜாலியா போங்க சார்" என்பார். எஸ்யூவி என்றால் எடையும் பொதுவாகக் கூடுதல், அதே மலையில் இன்னும் அதிகச் சூடு.

ஆயில் மாற்றிய பிறகு வீட்டு வாசலில் ஒரு சோதனை. எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை அழுத்தமாக மிதித்து அரை நிமிடம் அப்படியே பிடியுங்கள். ஒரே இடத்தில் நின்றால், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் நன்றாக இருக்கிறது. எங்கும் ஆயில் கசிவு இல்லாமலேயே பெடல் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கினால் உள்ளே ரப்பர் தேய்ந்திருக்கிறது. அப்போது அந்த மெக்கானிக் சொன்னதில் மாஸ்டர் சிலிண்டர் மட்டும் சரி. அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், தனி பில் கேளுங்கள்.