சாஃப்ட்பால் கோச் வேலையை நம்பலாமா? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

டெட்ராய்ட் பக்கம் நோவையில் இருக்கிறேன். கார் கம்பெனியில் வேலை. பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே, பேஸ்பால் மாதிரியான சாஃப்ட்பால் ஆட்டத்தில் பைத்தியம். இப்போது காலேஜ் டீமுக்கு ஹெட் கோச் ஆகப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். டாக்டர், இன்ஜினியர் என்றால் எனக்கு வழி தெரியும். இதை நம்பி ஒரு ஆயுளை ஓட்ட முடியுமா? விளையாட்டைப் பற்றி எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

ஓட்ட முடியும். ஓட்டிக் காட்டியவர் உங்கள் வீட்டிலிருந்து காரில் அரைமணி நேரத் தூரத்தில், ஆன் ஆர்பரில் வேலை பார்த்தவர். கரோல் ஹட்சின்ஸ். 1985 முதல் 2022 வரை 38 சீசன் மிச்சிகன் பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்சியாளர். ஜெயித்த ஆட்டங்கள் 1,700க்கு மேல்.

உங்கள் மகள் தெரிந்துகொள்ள வேண்டியது அதற்கு முந்தைய கதை. மாணவியாக அவர் இருந்தது பக்கத்து மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில்; கூடைப்பந்தும் ஆடினார். 1979இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணி, பின்னாளில் பெரும் புகழ்பெற்ற மேஜிக் ஜான்சனோடு, தேசிய சாம்பியன். அதே ஆண்டு பெண்கள் அணி நீதிமன்றப் படி ஏறியது. வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் சாப்பாட்டுப் படியில்கூட ஆண்களுக்கு ஒரு கணக்கு, பெண்களுக்கு ஒரு கணக்கு. பாகுபாடு கூடாது என்ற சட்டம் 1972இலேயே வந்துவிட்டது, ஏட்டளவில். அந்த வழக்கு இன்றும் ஹட்சின்ஸ் பெயரில்தான் சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. பந்தடிக்கக் கற்றுத் தருவது இந்த வேலையில் ஒரு பங்கு. மைதானம், பஸ், சம்பளம் என்று நிர்வாகத்திடம் கேட்டு வாங்குவது இன்னொரு பங்கு. அவர் இரண்டாவதை முதலில் கற்றார்.

குளிரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சீசன் பிப்ரவரியில் தொடங்கும்போது ஆன் ஆர்பர் மைதானத்தில் பனி கிடக்கும். கூரைக்கடியில் பயிற்சி செய்துவிட்டு, முதல் சில வாரங்கள் ஃபுளோரிடா, கலிஃபோர்னியா என்று அடுத்தவர் ஊரிலேயே ஆட வேண்டும். வருடம் முழுக்க வெயிலில் ஆடும் கலிஃபோர்னியா, அரிசோனா அணிகளே பெரும்பாலும் கோப்பையைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டிருந்தன. 2005 தேசிய இறுதிச் சுற்றில் ஹட்சின்ஸ் அணிக்கு எதிரே கலிஃபோர்னியாவின் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம். மூன்று ஆட்டத் தொடர், ஆளுக்கொன்று. கடைசி ஆட்டம் வழக்கமான ஏழு இன்னிங்ஸில் முடியாமல் பத்தாவதுக்குப் போனது. முதலாண்டு மாணவி சமந்தா ஃபிண்ட்லே பந்தை வேலிக்கு வெளியே அடித்த ஹோம் ரன்னில் மூன்று பேர் ஓடி வந்தார்கள், மூன்று ரன். 4–1. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்) கோப்பை போனது அதுவே முதல்முறை.

பணம்? ஓக்லஹோமா பல்கலைக்கழக அணியின் கோச் பேட்டி காஸோவுக்கு இன்று ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல். எட்டு முறை தேசிய சாம்பியன், 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு. அவரே 1995இல் சேர்ந்தபோது அணி ஆடியது ஊர்ப் பொதுப் பூங்காவில். பயிற்சிக்கு முன் பீர் கேன் பொறுக்க வேண்டியிருந்தது. சிறிய கல்லூரிகளில் இன்றும் கோச்தான் மைதானத்தைச் சமப்படுத்துவார், வேனும் ஓட்டுவார். சம்பளம் உங்கள் கம்பெனியில் புதிதாகச் சேரும் பையன் வாங்குவதைவிடக் குறைவாக இருக்கலாம்.

எனக்கு உறுத்துவது வேறு. 1972இல் அமெரிக்கக் கல்லூரிகளின் பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்குப் பெண்களே கோச். சம்பளம் வரத் தொடங்கியதும் ஆண்களும் வந்தார்கள். இன்று பெண்கள் பாதிகூட இல்லை. ஹட்சின்ஸின் நாற்காலி ஒரு பெண்ணுக்கே, பானி தோலுக்குப் போனது. அவரிடமே ஆடி, 1994 முதல் அவருக்குத் துணையாக இருந்தவர். காத்திருந்தது கிட்டத்தட்ட முப்பது வருடம். மகளிடம் இதையும் சொல்லிவிடுங்கள்.

இனி நடைமுறைக்கு வருவோம். கோச் ஆக முதலில் காலேஜில் ஆட வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளையே கல்லூரி கோச்சுகள் வளைத்துப்போடும் வழக்கம் இருந்தது. ஹட்சின்ஸ் அதைக் கடுமையாக எதிர்த்தவர். 2018இல் விதி மாறியது: பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1க்கு முன் பெரிய கல்லூரிகளின் கோச்சுகள் மாணவிகளிடம் பேசக் கூடாது. ஆகவே உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. அந்தத் தேதி வந்ததும் கோச்சுகளுக்கு மெயில் போகட்டும். அதை அவளே எழுத வேண்டும். அப்பா எழுதிய மெயிலைப் படித்தவுடன் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.