மலையிலிருந்து தூக்கி வந்தவர்களுக்கு என்ன அனுப்புவது?

கேள்வி: ஐயா, என் மகன் லண்டனில் வேலை செய்கிறான். போன மாதம் கூட்டாளிகளோடு வேல்ஸில் உள்ள ஸ்னோடன் மலைக்குப் போய், இறங்கும்போது மழையில் வழுக்கி விழுந்து கணுக்கால் உடைந்துவிட்டது. இருட்டுக்குள் பத்துப் பதினைந்து பேர் வந்து ஸ்ட்ரெச்சரில் தூக்கி இறக்கியிருக்கிறார்கள். ஒரு சதம் வாங்கவில்லையாம், பெயரும் தெரியாதாம். பனாட்டு, புழுக்கொடியல் ஏதாவது அனுப்பலாமா?
– ஒரு தாய், விசுவமடு

பதில்: அனுப்பலாம் அம்மா, அதற்கு வருகிறேன். காசு வாங்காதது உங்கள் மகன்மேல் இரக்கப்பட்டு அல்ல, அங்கே மலை மீட்புக் குழுக்கள் யாரிடமும் வாங்குவதில்லை. எல்லோரும் தொண்டர்கள். பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள், 999க்கு அழைப்புப் போய் பொலிஸ் தகவல் கொடுத்ததும் சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு மழைக்குள் இறங்குகிறார்கள். ஸ்னோடன் 1085 மீற்றர்தான், எங்கள் பிதுருதலாகலையில் பாதிகூட இல்லை, உச்சிக்கு ரயிலும் ஓடுகிறது, அதனால்தான் பெடியங்கள் சும்மா சப்பாத்தோடு ஏறிவிடுகிறார்கள். (அடுத்தமுறை மகனின் பையில் ஒரு விசில் இருக்கட்டும். ஒரு நிமிடத்துக்குள் ஆறு தடவை ஊதி, ஒரு நிமிடம் விட்டுத் திரும்ப ஊதினால் ஆபத்து என்று அர்த்தம்.)

கயிறு, வாகனம், ஸ்ட்ரெச்சர் எல்லாம் பெரும்பாலும் நன்கொடையில் வருபவை. ஆகவே மகன் முடிந்ததை அந்தக் குழுவின் பெயருக்கு அனுப்பட்டும். அது அவன் பாடு. உங்கள் பாடு கடிதம்.

ஏன் சொல்கிறேன் என்றால், 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்து கிளிநொச்சிப் பக்கம் வெள்ளம் ஏறியபோது, என் மாமியை நாலு பெடியங்கள் கதிரையோடு தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குள்ளால் வந்தார்கள். யார் எவர் என்று தெரியாது. ஒருவனுடைய செருப்பு வெள்ளத்தோடு போய்விட்டது. பள்ளிக்கூட விறாந்தையில் மாமியை இறக்கிவிட்டு, தேத்தண்ணிக்குக்கூட நிற்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆறேழு மாதம் கழித்து சந்தையில் ஒருவன் என் சைக்கிளை மறித்து, "ஐயா, அந்த அம்மா இருக்கிறாவோ?" என்று கேட்டான். இருக்கிறா, உன் செருப்புக் காசைக் கொடுக்கச் சொல்லி இன்றைக்கும் என்னைப் பேசுகிறா என்றேன். அவன் காசை வாங்கவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். இத்தனை நாளும் அவனுக்கு விஷயம் தெரியாமல் இருந்திருக்கிறது, எனக்கும் போய்ச் சொல்லத் தோன்றவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

வேல்ஸிலும் அதே கதைதான். அம்புலன்ஸில் ஏற்றிவிட்டபின் பிள்ளைக்கு என்ன ஆனது என்று அவர்களுக்கு யார் சொல்வது? அதை எழுதுங்கள். கால் பொருந்திவிட்டதா, எப்போது ஊன்றினான், வேலைக்குப் போகிறானா, நீங்கள் விசுவமடுவில் எத்தனை இரவு நித்திரை இல்லாமல் இருந்தீர்கள், எல்லாம். தமிழிலேயே எழுதுங்கள், கீழே மகன் ஆங்கிலத்தில் எழுதட்டும்.

பனாட்டைத் தபாலில் தனியாக அனுப்பாதீர்கள், செருப்புத் தோல் என்று நினைத்துவிடுவார்கள். கால் சரியானதும் மகனே கொண்டுபோய்க் கொடுத்து, முன்னால் நின்று ஒரு துண்டு கடித்துக் காட்டட்டும். புழுக்கொடியல் வேண்டாம் அம்மா, அவர்கள் பல்லுக்கு யார் பொறுப்பு?