எழுதுவோர் கேள்வி பதில்: கேட்பதற்கு ஓர் ஆள்

கேள்வி: நான்கு ஆண்டுகளாக ஒரு நாவல் எழுதிவருகிறேன். ஒன்பது அத்தியாயங்கள் முடிந்த பிறகு ஓராண்டாக ஒரு வரிகூட நகரவில்லை. அலுவலக வேலையில் ஒருநாளும் கெடு தவறாத எனக்கு இதில் மட்டும் ஒழுங்கு வரவில்லை. எழுதுவோர் குழு ஒன்றில் சேரும்படி நண்பர் சொல்கிறார். எழுத்து தனிமையில் நடப்பதுதானே, குழு என்ன செய்துவிட முடியும்?

பதில்: அலுவலகத்தில் வேலை முடியாவிட்டால் மறுநாள் காலையில் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார். பத்தாவது அத்தியாயத்தை நீங்கள் எழுதாமல் விட்டால் கேட்பதற்கு ஒருவருமில்லை. உங்களிடம் ஒழுக்கம் குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. கேட்கிற ஆள் இல்லாத வேலை பின்னுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். நல்ல குழு அந்த ஆளைத் தருகிறது. எழுதுகிற தனிமை உங்களிடமே இருக்கும்.

1727இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் தம் நண்பர்களைக் கூட்டி 'ஜன்ட்டோ' என்றொரு குழு தொடங்கினார். வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடிய அக்குழுவில் ஒவ்வோர் உறுப்பினரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாமே எழுதிய கட்டுரை ஒன்றைக் கொண்டுவந்து வாசித்தாக வேண்டும் என்பது விதி. எதைப் பற்றி எழுதுவது என்பது அவரவர் விருப்பம். கொண்டுவராமல் இருப்பதற்கு மட்டும் இடமில்லை. இந்த விதியில் எனக்குப் பிடித்தது அதன் எளிமைதான். எழுத்தின் தரத்தைப் பற்றி அது ஒன்றுமே பேசவில்லை.

நான் பல ஆண்டுகள் இருந்த ஐந்து பேர் குழுவில் ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. கூட்டம் முடிந்து எழுந்திருக்கும் முன் அடுத்த முறை என்ன கொண்டுவருவோம் என்பதை அவரவர் கையால் அதில் எழுத வேண்டும். "நாவலைத் தொடர்வேன்" என்று எழுதினால் செல்லாது. "ஏழாம் அத்தியாயம், முதல் நான்கு பக்கம்" என்று எழுத வேண்டும். எங்களில் ஒருவர் இதே வரியை அடுத்தடுத்து மூன்று கூட்டங்களில் எழுதினார். முதல்முறை தெளிவான கையெழுத்து, இரண்டாம் முறை சற்றே சாய்ந்தது, மூன்றாம் முறை பேனா அழுந்தி அடுத்த பக்கத்திலும் தடம் தெரிந்தது. யாரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. நோட்டைப் பார்த்தபடி, "எந்த இடத்தில் நிற்கிறது?" என்று மட்டும் ஒருவர் கேட்டார். அந்த அத்தியாயத்தில் வர வேண்டிய ஒரு சாவை எழுத அஞ்சிக்கொண்டிருந்ததாக அவர் அப்போதுதான் சொன்னார். நான்காம் கூட்டத்துக்கு ஆறு பக்கங்கள் வந்தன.

உங்கள் ஒன்பதாம் அத்தியாயத்துக்கு அப்பால் என்ன காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஓராண்டாக ஒரு வரியும் நகரவில்லை என்றால் சோம்பலைவிட அச்சம் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். நான்கு முதல் ஆறு பேர் வரை உள்ள குழுவாகப் பாருங்கள். ஆளுக்கு இருபது நிமிடம் என்று வைத்தாலே ஆறு பேருக்கு இரண்டு மணி நேரம் ஆகிவிடும். அதற்கு மேல் போனால் கடைசியில் வாசிப்பவருக்குக் கொட்டாவிதான் கிடைக்கும்.

கேள்வி: நாங்கள் ஆறு பேர் மாதம் இருமுறை கூடி வாசிக்கிறோம். எதை வாசித்தாலும் "அருமை" என்கிறார்கள். மனம் குளிர்கிறது, எழுத்து வளரவில்லை. குழுவைக் கலைத்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஊக்கத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆங்கில எழுத்தாளர் டோல்கியன் 1937இன் இறுதியில் தொடங்கிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவல் 1954இல்தான் வெளிவரத் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதன் பகுதிகளை ஆக்ஸ்ஃபோர்டில் 'இங்க்லிங்ஸ்' என்ற நண்பர் குழுவில் வாசித்துவந்தார். அக்குழுவில் இருந்த எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் அடுத்தது எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்திராவிட்டால் தாம் அதை முடித்திருக்கவே மாட்டோம் என்று டோல்கியனே பின்னாளில் எழுதினார். அதே குழுவில் ஹ்யூகோ டைசன் என்ற நண்பருக்கு அந்த வாசிப்பு அறவே பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அத்தனை பேரும் ரசித்தாக வேண்டும் என்பதில்லை. ஆவலோடு காத்திருக்கும் ஒரு செவி போதும்.

உங்கள் குழுவின் குறை வேறு. "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் நாகரிகம் தெரிந்த எவரும் "அருமை" என்றுதான் சொல்வார். கேள்வியை மாற்றுங்கள். எந்த வரியில் கவனம் சிதறியது, எந்தப் பாத்திரத்தின் பெயர் இப்போது நினைவில் இல்லை, எந்த இடத்தில் முடிவை ஊகித்தார்கள் என்று கேட்டால் பாராட்டால் பதில் சொல்ல முடியாது. முதல் வரைவா, திருத்திய பிரதியா என்பதையும் வாசிக்கும் முன் சொல்லிவிடுங்கள். முதல் வரைவில் ஒற்றுப் பிழை தேடுவது விதைத்த மறுநாளே மண்ணைக் கிளறிப் பார்ப்பது போன்றது. பிறர் பேசும்போது எழுதியவர் வாய் திறக்கக் கூடாது என்ற வழக்கம் பல பயிலரங்குகளில் உண்டு. அதைக் கடைப்பிடித்துப் பாருங்கள். "நான் அங்கே சொல்லவந்தது என்னவென்றால்" என்று நாம் தொடங்கும்போதே, சொல்லவந்தது பக்கத்தில் இல்லை என்பது வெளிப்பட்டுவிடுகிறது.

நூலை அறிந்தோர் அவையில் வைத்துத் தெளிவிப்பது நம் மொழிக்குப் பழக்கமானதுதான். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் என்ற ஆசிரியருக்குத் தொல்காப்பியர் தம் இலக்கண நூலை "அரில்தபத் தெரிந்து" காட்டியதாக அந்நூலின் முன்னுரையான சிறப்புப்பாயிரம் சொல்கிறது. அரில் என்றால் குற்றம், தப என்றால் நீங்க. உங்கள் ஆறு பேரில் அதங்கோட்டாசான் யார் என்பதை முறைவைத்து முடிவுசெய்துகொள்ளுங்கள். இந்தக் கூட்டத்துக்கு ஒருவர், அடுத்ததற்கு வேறொருவர். குறை சொல்வது ஒருவருக்குக் கடமையாகிவிட்டால் மற்றவர்களுக்கு வருத்தம் குறையும்.

கேள்வி: முடிக்காத கதையைக் குழுவில் வாசித்தால் கருவை யாராவது எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

பதில்: கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை எழுதிய வடிவத்துக்குத்தான் உண்டு. 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், எழுதிய படைப்புக்கு அந்த உரிமை கிடைக்கப் பதிவு செய்யத் தேவையில்லை. ஒரே கருவை ஐந்து பேரிடம் கொடுத்தால் ஐந்து கதைகள்தான் வரும். எங்கள் குழுவில் விளையாட்டாகச் செய்து பார்த்திருக்கிறோம், ஒன்றுக்கொன்று உறவே தெரியவில்லை. இருந்தாலும் மனம் ஒப்பவில்லை என்றால் கதைச் சுருக்கத்தைச் சொல்லாமல் நடுவிலிருந்து இரண்டு பக்கங்களை மட்டும் வாசியுங்கள்.