மடக்கிய கம்பி எதற்கு?

கேள்வி: எண்பதுகளில் இலங்கை டிவியான ரூபவாஹினி பார்க்க மொட்டை மாடியில் உயரமான குழாய் நட்டு ஆன்டெனா கட்டினோமே, அதில் எல்லாம் நேர் கம்பி, ஒன்றை மட்டும் வளையமாக மடக்கியிருப்பார்கள். அழகுக்காகவா?

பதில்: அழகுக்கு இல்லை, டிவிக்குப் போகிற ஒயரை மாட்டுகிற கம்பியே அதுதான். அலைநீளத்தில் பாதியளவு நேர் கம்பியைத் தனியாக நிறுத்தினால் அதன் இம்பிடன்ஸ் (சிக்னலுக்குக் காட்டும் எதிர்ப்பு) சுமார் 73 ஓம், ஆனால் முன்னும் பின்னும் மற்ற கம்பிகள் நெருங்கி வந்ததும் அது சரிந்துவிடும், அந்தக் காலத்துப் பட்டை ஒயரோ 300 ஓம். இரண்டும் பொருந்தாவிட்டால் சிக்னல் வீணாகும். மடக்கினால் நான்கு மடங்காகிறது, ஓரளவு பொருந்திவிடும். அப்புறம், வளையம் பருத்த கம்பி மாதிரி வேலை செய்வதால் 7 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் முழுக்கச் சீராகக் கிடைக்கும். இன்னொரு வசதி, ஒயர் மாட்டாத பக்கத்தின் நடுவில் மின்னழுத்தம் பூஜ்யம் என்பதால் அங்கே தாங்கும் குழாயோடு நேராக போல்ட் போட்டு முறுக்கலாம்.

திசை பிடிப்பது நேர் கம்பிகளின் வேலை: பின்னால் சற்று நீளம், முன்னால் குட்டை. 1926-ல் ஜப்பானில் யாகியும் உடாவும் வெளியிட்ட அமைப்பு இது. காக்கா உட்கார்ந்து முன்கம்பி ஒன்று லேசாக வளைந்தால்கூடப் படம் ஓடும், வளையத்தில் ஒயர் மாட்டிய ஸ்குரூ துருப்பிடித்தால் வெறும் புள்ளிதான்.