அப்பா போனபோது கலங்காதவள், ஈரத்துண்டுக்கு ஏன் உடைகிறேன்?

அயனாவரத்திலிருந்து 46 வயது வாசகி எழுதுகிறார்: "போன வருஷம் என் அப்பா இறந்தார். ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ், பதினாறாம் நாள் காரியம் வரை நானே முன்னால் நின்று பார்த்தேன். ஆனால் இப்போது மகன் கட்டிலில் போடும் ஈரத்துண்டு, மேல்வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தம், மாமியார் டம்ளரில் ஸ்பூனைப் போட்டுக் கலக்குவது என எல்லாவற்றுக்கும் கத்துகிறேன். பிறகு பாத்ரூமில் போய் அழுகிறேன். படுக்க 12 மணி ஆகிறது, தண்ணீர் பிடிக்க 4.30க்கு எழ வேண்டும். பக்கத்துத் தெரு கவுன்சலிங் மையத்தில் 'பிரெயின் மேப்பிங்' எடுத்து, 12 அமர்வுக்கு 24,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். எனக்கு மனநோயா? கட்டலாமா?"

கட்டாதீர்கள். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நீங்கள் இதைப் படித்து முடிப்பதற்குள் அந்த மையத்திலிருந்து இன்னொரு போன் வரலாம், 'இந்த மாதத்துக்குள் கட்டினால் தள்ளுபடி' என்று. தலையில் ஒயர் ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் ஈஈஜி, வலிப்பு நோய்க்கு அவசியமான பரிசோதனை. அதையே கலர் படமாக்கி 'இந்தச் சிவப்புதான் உங்கள் கோபம்' என்று காட்டினால் அது வியாபாரம். எரிச்சலைக் கண்டுபிடிக்கும் ஸ்கேன் எதுவும் கிடையாது.

மனநோயா என்பதை ஒரு கடிதத்தை வைத்து நான் முடிவு செய்ய முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதில் எனக்குத் தெரிவது ஓய்வே கிடைக்காத ஒரு பெண்மணியின் களைப்பு.

அப்பா இறந்தபோது உங்களைச் சுற்றி ஓர் ஏற்பாடு இருந்தது. தெருவே வந்து நின்றிருக்கும். யாரோ காபி போட்டுக் கொடுத்திருப்பார்கள், சமையலை உறவுக்காரர்கள் பார்த்திருப்பார்கள். என்ன செய்ய வேண்டும், எத்தனை நாள் செய்ய வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். ஈரத்துண்டுக்குத் துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை. அதற்குப் பதினாறாம் நாளும் இல்லை. நாளைக் காலையும் அதே கட்டில், அதே துண்டு.

ரிச்சர்ட் லாசரஸ் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு 1981இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. நடுத்தர வயதினர் 100 பேரிடம் மாதாமாதம் கேட்டுப் பதிவு செய்த ஆய்வு அது. ஒருவருடைய மன உளைச்சலைப் பெரிய வாழ்க்கை நிகழ்வுகளைவிட அன்றாடச் சின்னத் தொந்தரவுகளே நன்றாகக் காட்டிக்கொடுத்தன. இன்னொன்றையும் கவனியுங்கள்: பெரிய இழப்பு பல நேரம் சில்லறை சில்லறையாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அப்பாவின் பேங்க் கணக்கு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நடை, மூன்று ஜெராக்ஸ். துக்கத்தில் இருப்பவரை இப்படி அலைய விடுவதில் யாருக்கு என்ன லாபம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. 'உள்ளே சொல்லி முடித்துத் தருகிறேன்' என்று வாசலில் நிற்கும் புரோக்கருக்கு மட்டும்தான் லாபம். அந்த அலைச்சல் எல்லாம் உங்கள் உடம்பில்தான் கணக்கேறியிருக்கிறது.

நாற்காலிச் சத்தத்துக்கு வருவோம். 1970ஐ ஒட்டிய வருஷங்களில் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் சத்தத்தைப் பற்றிச் சில சோதனைகள் செய்தார்கள். எப்போது வரும் என்று தெரியாத சத்தம், சீராக வரும் சத்தத்தைவிட அதிகம் பாதித்தது. சிலரிடம் மட்டும் ஒரு பொத்தானைக் கொடுத்து, 'தாங்க முடியாவிட்டால் அழுத்துங்கள், நின்றுவிடும்' என்றார்கள். பெரும்பாலோர் அழுத்தவே இல்லை. ஆனாலும், பொத்தான் இல்லாதவர்களைவிடப் பிறகு கொடுத்த வேலைகளை நன்றாகச் செய்தார்கள். நிறுத்த முடியும் என்ற நினைப்பே பாதி பாரத்தைக் குறைத்துவிட்டது. உங்கள் பகுதியில் மெட்ரோ ரயில் வேலையின் சத்தத்தோடு ஓட்டிவிட்டு, மேல்வீட்டு நாற்காலிக்கு மட்டும் உயிர் போவது இதனால்தான். அடுத்து எப்போது இழுப்பார்கள் என்று காது காத்துக்கொண்டே இருக்கிறது.

குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. நாற்காலிக்காக அதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அக்கம்பக்கம் கெட்டுப்போகும். ஹார்டுவேர் கடையில் நாற்காலிக் காலுக்கு மாட்டும் ரப்பர் புஷ் கேட்டு வாங்குங்கள். சத்தம் வராத நேரமாகப் பார்த்து மேலே போய், 'அக்கா, எனக்குத் தூக்கம் சரியில்லை, இதை மாட்டிக்கொடுத்தால் பெரிய உபகாரம்' என்று கொடுங்கள். அதுதான் உங்கள் பொத்தான்.

துண்டு வேறு கதை. அங்கே சுடுவது ஈரம் இல்லை, அது சொல்லும் செய்தி: 'எடுத்துப் போட அம்மா இருக்கிறாள்.' மகன் அப்படி நினைத்துப் போட்டிருக்க மாட்டான், ஆனால் களைத்த மூளை எல்லாவற்றையும் வேண்டுமென்றே செய்ததாகத்தான் படிக்கும். கத்தும் நேரத்தில் அவனுக்குக் கேட்பது உங்கள் குரல் மட்டும்தான், விஷயம் போய்ச் சேராது. சாப்பாட்டு நேரத்தில், ஒரே ஒரு விஷயமாகச் சொல்லுங்கள்: 'கதவுக்குப் பின்னால் கொக்கி அடித்திருக்கிறேன், துண்டு இனி அங்கே.' 'எப்பப் பாரு' என்று தொடங்கினால் போன வருஷத்துச் செருப்பு வரை வந்து நிற்கும். மாமியாரின் டம்ளர் சத்தத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அந்தக் கொஞ்ச நேரம் பால்கனியில் போய் நில்லுங்கள்.

தண்ணீரையும் நீங்கள்தான் பிடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும், நீங்கள் தூங்குவது நாலரை. வாரத்தில் மூன்று நாள் மகன் எழட்டும். இந்த ஒரு மாற்றம் 12 அமர்வைவிட அதிகம் செய்யும்.

உங்கள் வயதுக்கு இன்னொன்றையும் கட்டாயம் பார்க்க வேண்டும், இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். நம் நாட்டில் மாதவிலக்கு நிற்கும் சராசரி வயது 46, 47தான். நிற்பதற்குச் சில வருஷம் முன்பிருந்தே ஹார்மோன் ஏறி இறங்கும். நடு இரவில் வியர்த்து விழிப்பு வரும், நேற்றுவரை பொருட்படுத்தாத சத்தம் இன்று நரம்பைத் தொடும். தேதி முன்பின் தள்ளிப்போகிறதா, உதிரப்போக்கு அதிகமாக இருக்கிறதா என்று காலண்டரில் குறியுங்கள், கத்திய நாட்களையும் அதிலேயே குறியுங்கள். மூன்று மாதக் காலண்டரோடு மகளிர் நல மருத்துவரிடம் போனால் விஷயம் பாதி தெளிந்துவிடும்.

லேபில் 'பெண்கள் நலப் பேக்கேஜ்' என்று ஹார்மோன் டெஸ்ட் வரிசையாக எழுதுவார்கள். 45 தாண்டியவருக்கு, இது மாதவிலக்கு நிற்கும் கட்டமா என்று அறிகுறிகளை வைத்தே மருத்துவர் சொல்லிவிடலாம். அந்த ஹார்மோன் அளவு வாரத்துக்கு வாரம் மாறும், ஒரு நாள் எடுத்த எண்ணை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. கேட்டு எடுக்க வேண்டியவை வேறு: ஹீமோகுளோபின், தைராய்டு, பெரிட்டின். பெரிட்டின் என்பது உடம்பின் இரும்புச் சேமிப்பு. போக்கு அதிகம் உள்ள பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்கு மேல் இருக்கும்போதே இந்தச் சேமிப்பு வற்றிப்போயிருக்கலாம். அவர்களைத்தான் வீட்டில் 'சும்மா சும்மா எரிந்து விழுகிறாள்' என்பார்கள்.

பக்கத்து வீட்டார் சொன்னார்கள் என்று மெடிக்கலில் அல்பிரசோலம் என்ற பதற்றத்துக்கான மாத்திரையைக் கேட்டு வாங்காதீர்கள். 2014 முதல் அது சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச்1 பட்டியலில் இருக்கிறது. பழகிவிட்டால் விடுவது கஷ்டம்.

பேச ஆள் வேண்டும் என்றால் தகுதியைக் கேளுங்கள். 'கவுன்சலர்' என்று நம் ஊரில் யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிவிடுகிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண் இருக்கும், கேட்டால் சொல்ல வேண்டும். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாகக் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும், உட்கார்ந்து பேசியதற்குத் தராது. இதனால்தான் சாதாரணக் குடும்பங்கள் இந்த மையங்களின் கையில் போய் விழுகின்றன.

1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தப் பெயரைக் கேலிக்குப் பயன்படுத்திப் பயன்படுத்தியே, தேவைப்படுகிறவர்கள் வாசல் ஏறத் தயங்கும்படி செய்துவிட்டோம். அங்கே வெளிநோயாளர் பிரிவு இருக்கிறது, போனவுடன் யாரும் உங்களைப் பிடித்து உள்நோயாளியாகச் சேர்த்துவிட மாட்டார்கள். அதற்கும் கூச்சமாக இருந்தால் 14416க்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை இது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருந்து என்ன என்று ஒருமுறை தோன்றினாலும் அன்றைக்கே கூப்பிடுங்கள்.

அந்த மையத்தில் முன்பணம் ஏதாவது கட்டிவிட்டீர்கள் என்றால் ரசீதைப் பத்திரமாக வைத்து, எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.