பதில்: இடம் மாற்றிக் கூட்டினால் விடை தப்பாக வருகிறது

உங்கள் மகள் 80 − 27 + 23 என்பதில் 27-ஐயும் 23-ஐயும் சேர்த்து 50 ஆக்கி, 80-இல் கழித்து 30 என்று எழுதியிருக்கிறாள். நூறு, ஐம்பது எனப் பூஜ்ஜியத்தில் முடியும் எண்ணாகச் சேரும் ஜோடியைத் தேடும் பழக்கம் நல்ல பழக்கம்தான், அதை நிறுத்திவிடாதீர்கள். சிக்கல் கழித்தல் குறியில் இருக்கிறது. பரிமாற்றுப் பண்பும் (எண்களை இடம் மாற்றினாலும் விடை மாறாது) சேர்ப்புப் பண்பும் (எந்த ஜோடியை முதலில் சேர்த்தாலும் விடை மாறாது) கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் மட்டுமே உண்டு. கழித்தலுக்கும் வகுத்தலுக்கும் கிடையாது.

அதனால் ஒவ்வொரு எண்ணையும் அதற்கு முன்னால் உள்ள குறியோடு சேர்த்து வட்டம் போடச் சொல்லுங்கள். வட்டத்தை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம், குறியை மட்டும் கழற்றக் கூடாது. 80 + 23 − 27, அதாவது 103 − 27. விடை 76.

வெறும் கூட்டல் என்றால் கவலையே இல்லை: 47 + 86 + 53 + 14-இல் 47-உம் 53-உம் ஒரு நூறு, 86-உம் 14-உம் இன்னொரு நூறு.

அப்புறம் பெருக்கல். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 25 × 17 × 4 என்றால் முதலில் 25 × 4 = 100, உடனே 1700. 36 × 25-இல் 4 வெளியே தெரியாது; 36-ஐ 9 × 4 என்று உடைத்தால் கிடைத்துவிடும், 9 × 100 = 900. 125-ஐப் பார்த்தால் 8-ஐத் தேடச் சொல்லுங்கள், பெருக்கினால் 1000. இப்படி உடைத்துப் பார்க்க அவளுக்கு நேரம் கொடுங்கள், வேகம் பிறகு வரும்.