ஜெனரல் ஷிப்டிலிருந்து ரொட்டேஷனுக்கு: கும்மிடிப்பூண்டி, தடா பக்கத்துக் கேள்விகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீசிட்டியிலும் வேலை பார்ப்பவர்கள் கேட்டவை. குழப்பம் வராமலிருக்க ஒன்று: இங்கே ஏ என்றால் காலை 6 முதல் 2, பி என்றால் 2 முதல் இரவு 10, சி என்றால் இரவு 10 முதல் காலை 6. ஜெனரல் என்றால் மாறாத பகல் ஷிப்ட், ரொட்டேஷன் என்றால் ஏ, பி, சி மாறி மாறி வருவது. இன்னொன்று: நைட் முடித்துவிட்டு ஹைவேயில் டூவீலர் ஓட்டாதீர்கள். இதைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வேன்.

எளாவூரிலிருந்து: அண்ணா, ஆறு வருஷமா ஜெனரல் ஷிப்ட். திங்கக்கிழமையிலிருந்து ரொட்டேஷன், முதல் வாரமே சி போட்டிருக்காங்க. உடம்பை எப்படித் தயார் பண்றது?

முதலில் ஷிப்ட் இன்சார்ஜிடம் "முதல் வாரம் பி கொடுங்கள், அடுத்த வாரம் சி வருகிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் யாராவது மாற்றிக்கொள்ளக் கிடைப்பார்கள். உடம்பின் கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். ஜெனரலிலிருந்து பி போவது சின்னத் தாவல், சி போவது கிணறு தாண்டுவது.

கிடைக்காவிட்டால் இப்படி. சனி இரவு 1 மணிக்குப் படுத்து 9 மணிக்கு எழுங்கள். ஞாயிறு இரவு 3 மணிக்குப் படுத்துத் திங்கள் 11 மணி வரை தூங்குங்கள். பலர் தவறு செய்வது இந்த இடத்தில்தான். திங்கள் காலை வழக்கம்போல 6 மணிக்கு எழுந்து, பகலெல்லாம் வீட்டு வேலை பார்த்துவிட்டு, இரவு 10 மணிக்குப் பஞ்ச் அடிக்கிறார்கள். செவ்வாய் காலை ஷிப்ட் முடியும்போது அவர்கள் விழித்து 24 மணி நேரம் ஆகியிருக்கும். 11 மணிக்கு எழுந்தாலே 19 மணி நேரம். அதனால் மாலை 5 முதல் 6.30 வரை இன்னொரு தூக்கம் அவசியம். 90 நிமிடம் தூங்கினால் ஒரு முழுச் சுற்று முடிந்து தெளிவாக எழலாம். 45 நிமிடத்தில் எழுப்பினால் ஆழ்ந்த தூக்கத்தில் மாட்டி, தலை கனக்கும்.

8 மணிக்கு அன்றைய பெரிய சாப்பாடு. டீ, காபி எல்லாம் 10 முதல் 1 மணிக்குள். குடித்த காபியில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். 4 மணிக்குக் குடிக்கும் டீ வீட்டில் படுக்கும்போதுதான் வேலை செய்யும். அதிகாலை 3 முதல் 5 வரை உடல் வெப்பம் மிகக் குறையும் நேரம். கேஜ் ரீடிங், பேக்கிங் எண்ணிக்கை போன்ற தவறு வரும் வேலைகளை 3 மணிக்குள் முடித்துவிட்டு, நின்று நடந்து செய்யும் வேலையை இந்த நேரத்துக்கு வையுங்கள்.

6 மணிக்கு வெளியே வரும்போது தொப்பி, கறுப்புக் கண்ணாடி. ஸ்டைலுக்கு இல்லை. காலை வெயில் கண்ணில் பட்டால் மூளை "விடிந்துவிட்டது" என்று கணக்குப் போட்டுவிடும். 7.45-க்குள் படுக்கையில் இருங்கள். பகல் தூக்கம் இரவுத் தூக்கத்தைவிட இரண்டு மூன்று மணி நேரம் குறைவாகத்தான் வரும். 1 மணிக்கு விழிப்பு வந்தால் படுத்துப் புரளாமல் எழுந்துவிடுங்கள். பாக்கியை மாலைத் தூக்கத்தில் அடைத்துக்கொள்ளலாம்.

ஆரம்பாக்கம்: சார், ஆஸ்பெஸ்டாஸ் ரூம். ஆறு பேர். பகல்ல தூங்கவே முடியல.

ஆறு பேரும் வேறு வேறு ஷிப்டா? சிக்கல் கூரையில் பாதி, அங்கே பாதி. ஒரே குரூப் ஆட்களை ஒரு ரூமில் போட்டு, வேறு குரூப்பைப் பக்கத்து ரூமுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வாடகை அதேதான், தூக்கம் இரட்டிப்பு. கூரைக்கு மேல் வெள்ளைக் கூல் கோட்டிங் இரண்டு கை அடிக்கச் சொல்லுங்கள். ஹவுஸ் ஓனர் மறுத்தால் ஆறு பேரும் பங்கு போட்டு அடியுங்கள். ஆனால் ஓட்டின் மேல் கால் வைக்காதீர்கள், பலகை போட்டு நில்லுங்கள், ஆஸ்பெஸ்டாஸ் உடையும். ஜன்னலுக்குத் திரைத்துணி போதாது. கறுப்புத் துணியை இரண்டாக மடித்து, நாலு ஓரமும் ஆணி அடித்து இறுக்குங்கள். கதவிடுக்குக்கு ஒரு பழைய துண்டு. டேபிள் ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தால் அந்த இரைச்சலில் தெருச் சத்தம் அடங்கும். போனைச் சைலண்டில் போட்டு, வீட்டு நம்பர் ஒன்றுக்கு மட்டும் மணி வைத்துக்கொள்ளுங்கள்.

கவரைப்பேட்டை, வீட்டம்மா: அவருக்கு நைட்ல என்ன கட்டிக் கொடுக்கறது? கேன்டீன்ல ரெண்டு மணிக்கு சோறு, சாம்பார், பொரியல்னு முழுச் சாப்பாடு போடறாங்களாம்.

முழுச் சாப்பாடு வீட்டில் 8 மணிக்குப் போடுங்கள் அம்மா. 1.30 மணிக்கு நாலு இட்லி, அல்லது ஒரு சிறு டப்பா தயிர்சாதம், ஒரு வாழைப்பழம். அந்த நேரத்தில் குடல் பாதித் தூக்கத்தில் இருக்கும். பரோட்டாவும் பிரியாணியும் நெஞ்செரிச்சலாகத் திரும்பி வரும். காலையில் வந்ததும் இரண்டு இட்லி அல்லது ஒரு டம்ளர் கஞ்சி. வெறும் வயிற்றில் படுத்தால் 11 மணிக்குப் பசி எழுப்பிவிடும். பொங்கல் வடை ஞாயிற்றுக்கிழமைக்கு.

தடா: ஊசி போட்டுக்கறேன், சுகர். நைட் ஷிப்டுக்கு மாத்திரை, ஊசி நேரத்தை மாத்திக்கலாமா?

நீங்களாக மாற்றாதீர்கள். ஷிப்ட் அட்டவணையை எழுதி டாக்டரிடம் காட்டி, மூன்று ஷிப்டுக்கும் தனித்தனியாக நேரம் வாங்குங்கள். அதிகாலையில் சுகர் இறங்கினால் மெஷின் பக்கத்தில் விழுவீர்கள். வலிப்பு இருப்பவர்களும் முதலில் டாக்டரிடம்தான் போக வேண்டும். தூக்கம் கெடுவதே வலிப்பைத் தூண்டும்.

சத்தியவேடு: நைட்ல தூக்கம் வராம இருக்க என்ன குடிக்கலாம்?

மேலே எழுதியிருக்கிறேன். டீ, 1 மணிக்குள்.

பெயர் வேண்டாம்: திடீர்னு சனிக்கிழமை சொல்லி திங்கக்கிழமை ஷிப்ட் மாத்தறாங்க. சட்டம் இல்லையா?

இருக்கிறது. நிலையாணைப்படி (கம்பெனியின் எழுத்து வடிவ வேலை விதிகள்) அல்லாமல் ஷிப்ட் முறையைத் தொடங்கினாலோ மாற்றினாலோ 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். 1947 தொழில் தகராறுகள் சட்டத்தில் இது 9ஏ பிரிவாக இருந்தது; 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் 40-ஆம் பிரிவு. ஆனால் உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரையும் நிலையாணையையும் எடுத்துப் படியுங்கள். "எந்த ஷிப்டிலும் பணியாற்ற வேண்டும்" என்று இருந்தால் கம்பெனியின் பதில் அந்த வரிதான். ஓவர்டைம் சம்பளம் இரண்டு மடங்கு என்பது சட்டம். நைட் அலவன்ஸ் அப்படி இல்லை, அது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அதனால் தொகை எவ்வளவு, லீவ் நாளுக்கு உண்டா என்பதை மாறுவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

கும்மிடிப்பூண்டி, பெண்: எனக்கும் சி போடறாங்க. முடியாதுன்னு சொல்லலாமா?

சொல்லலாம். இரவு 7 முதல் காலை 6 வரை பெண்களை வேலைக்கு வைக்க அவர்களின் சம்மதம் வேண்டும். ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடுமுன் வண்டி வீட்டு வாசல் வரையா, ஜங்ஷன் வரையா என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

தடா, டைம் ஆபீஸ் (வருகை, ஷிப்ட் கணக்குப் பார்க்கும் பிரிவு): சார், எல்லாரும் ஏ-பி-சின்னு முன்னோக்கிச் சுத்தறதுதான் உடம்புக்கு நல்லதுன்னு சொல்றீங்க. வாரச் சுழற்சி, ஞாயிறு லீவ்னு வெச்சு கணக்கு போட்டுப் பாருங்க. சி முடிஞ்சு ஞாயிறு காலைல 6 மணிக்கு வெளிய வர்றவன் திங்கள் காலைல 6 மணிக்கு ஏ ஷிப்டுக்கு நிக்கணும். இதுவா நல்லது?

நல்ல அடி. போட்டுப் பார்ப்போம்.

ஏ-பி-சி: ஏ சனி 2 மணிக்கு முடிகிறது, பி திங்கள் 2 மணிக்கு, இடைவெளி 48 மணி. பி-யிலிருந்து சி-க்கும் 48. சி-யிலிருந்து ஏ-க்கு 24.
ஏ-சி-பி என்று பின்னோக்கி: ஏ-யிலிருந்து சி-க்கு 56, சி-யிலிருந்து பி-க்கு 32, பி-யிலிருந்து ஏ-க்கு 32.

எப்படிச் சுற்றினாலும் மொத்தம் 120 மணிதான். சட்டப்படி அந்த 24-ம் செல்லும்: நள்ளிரவு தாண்டும் ஷிப்ட்காரருக்கு வார விடுமுறை என்பது ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து தொடர்ந்து 24 மணி. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 57-ஆம் பிரிவு இது; புதிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பிலும் அப்படியே. உடம்புக்குத்தான் செல்லாது. ஞாயிறு பகல் தூங்கினால் இரவு தூக்கம் வராது, பகல் தூங்காவிட்டால் மாலையிலேயே சாய்ந்துவிடுவார். இரண்டு வழியிலும் திங்கள் காலை 4.15-க்கு எழுவது அரைத் தூக்கத்தில்தான்.

அதே தடா: அப்ப பின்னோக்கிதான் சரின்னு ஒத்துக்கறீங்க.

இல்லை. அதில் பி முடித்து இரவு 11 மணிக்கு வீடு வந்து பழகியவர் திங்களன்று 4.15-க்கு எழ வேண்டும், அதற்கு ஞாயிறு 8.30-க்குப் படுக்க வேண்டும். கடிகாரத்தைப் பின்னோக்கி இழுப்பது எப்போதும் கடினம். குறை சுழலும் திசையில் இல்லை, ஆலை நிற்கும் நேரத்தில் இருக்கிறது. இப்போது திங்கள் காலை 6-க்குத் தொடங்கி ஞாயிறு காலை 6-க்கு நிறுத்துகிறீர்கள். அதை ஞாயிறு இரவு 10-க்குத் தொடங்கிச் சனி இரவு 10-க்கு நிறுத்துங்கள். ஓடும் நேரம் அதே 144 மணி. ஏ-பி 48, பி-சி 24, சி-ஏ 48. நைட் முடித்தவர் சனி காலை வீட்டுக்குப் போனால் திங்கள் காலை வரை அவருடையது.

ஊத்துக்கோட்டை: இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க ஃபர்னஸ் நிக்கவே நிக்காது. நாலு குரூப், ரெண்டு ஏ, ரெண்டு பி, ரெண்டு சி, ரெண்டு ஆஃப்.

உங்களுக்கு இந்தச் சண்டையே வேண்டாம். எட்டு நாளில் ஆறு ஷிப்ட், வாரக் கணக்கில் 42 மணி. சி முடித்து 48 மணி கழித்துத்தான் ஏ. இதில் உடம்பை இரவுக்குப் பழக்க முயலாதீர்கள். இரண்டு இரவுதான், மாலைத் தூக்கம் போட்டுச் சமாளித்துவிட்டு, ஆஃப் நாளில் காலை 11 மணிக்குள் எழுந்து அன்றிரவே சாதாரண நேரத்துக்குப் படுத்துவிடுங்கள்.

சூலூர்பேட்டை: தூக்கம் வராம இருக்க எனர்ஜி டிரிங்க்...

மூன்றாவது முறை. அதிலும் டீயில் இருக்கும் அதே காஃபின்தான், சர்க்கரையும் அதிகம். பகலில் தூங்கினவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை.

எளாவூர்: அடுத்த ஷிப்டுக்கு வர வேண்டிய ரிலீவர் வரலன்னு ஏ முடிச்சதும் பி-யும் பாக்கச் சொல்றாங்க. ஓவர்டைம் கிடைக்குது, பைக்ல வீட்டுக்கு இருபதே நிமிஷம்.

4.30-க்கு எழுந்து ஏ, அப்படியே பி. இரவு 10 மணிக்கு நீங்கள் விழித்து 17½ மணி நேரம். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கைவேகமும் கவனமும் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவருக்குச் சமம் என்று 1997-இலேயே அளந்திருக்கிறார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதி 0.03 வரை. குடிக்காமலே வரம்பைத் தாண்டி, லாரி ஓடும் ஹைவேயில் இருபது நிமிஷம். கம்பெனி பஸ் இல்லையென்றால் டபுளுக்குச் சம்மதிக்காதீர்கள். ஓவர்டைம் ஸ்லிப்பிலேயே "வண்டி உண்டு" என்று எழுதி வாங்குங்கள்.

ஆரம்பாக்கம்: வேலை ஆந்திரால, ஓட்டு தமிழ்நாட்டுல. ஓட்டுப் போட லீவ் உண்டா?

உண்டு, சம்பளத்தோடு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி பிரிவு. சட்டமன்றத் தேர்தலுக்கும் மக்களவைத் தேர்தலுக்கும் வாக்குரிமை உள்ளவருக்கான விடுமுறை அது. ஆலை எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பது பொருட்டில்லை. பண்டிகை லீவ் வேறு கதை, ஆலை இருக்கும் மாநிலத்துப் பட்டியல்தான். உகாதிக்கு இருக்கும், சித்திரை ஒன்றுக்குக் கேட்டு வாங்க வேண்டும்.

தடா, டைம் ஆபீஸ்: ஞாயிறு ராத்திரி தொடங்கினா பி வாரத்துக்காரன் ஞாயிறு போச்சே சார். பசங்க ஒத்துக்க மாட்டாங்க.

மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிறு இரவு போகும். மதியம் கறிச்சோறு சாப்பிட்டு, 5 மணிக்குத் தூங்கி எழுந்து கிளம்ப வேண்டும். பதிலுக்குச் சி வாரத்தில் சனியும் ஞாயிறும் கிடைக்கும். இப்போது அந்த ஞாயிறு தூங்கியே கழிகிறது. பசங்களிடம் 24, 48 என்று சொல்லாமல், மூன்று மாதத்து அட்டவணை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் காட்டுங்கள்.

ஒரு சிக்கல் உண்டு: ஞாயிறு இரவு 10 முதல் 12 வரை உள்ள இரண்டு மணி நேரம் விடுமுறை நாளைத் தொடுகிறது. பி-யிலிருந்து சி-க்கு மாறும் குரூப்புக்கு வார விடுமுறை எந்த நாள் என்பதை வேலை நேர நோட்டீஸில் எச்.ஆர். முதலில் சரி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இன்ஸ்பெக்ஷனில் மாட்டும். அதற்கும் முன்னால் பஸ் கான்ட்ராக்டரிடம் ஞாயிறு இரவு 9 மணிக்கு வண்டி விடுவாரா என்று கேட்டு வையுங்கள். மனு கொடுத்தால் வரும் முதல் பதில் "வண்டி இல்லை" என்பதாகத்தான் இருக்கும்.